உயரக்கோல் உள்ளத்தை அளக்காது

கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் 1977 இல் திறக்கப்பட்ட 'ஸ்பேஸ் மவுண்டன்' இருளில் விரையும் ரோலர் கோஸ்டர். அதில் ஏற 40 அங்குல (102 சென்ரிமீற்றர்) உயரம் வேண்டும். அந்த அளவு பிள்ளையின் உடற்பாதுகாப்புக்கானது. அதன் மனம் தாங்குமா என்பதை எந்தக் கோலும் சொல்லாது.

பெற்றோர் பலர் இதனை உணர்வதில்லை. "ஆம்பிளைப் பிள்ளை பயப்படலாமோ?" என்று கேட்டே ஏற்றிவிடுகிறார்கள். நானும் அந்தத் தவற்றைச் செய்தவன்தான். ஆறு வயது மகனை ஊர்க் கார்னிவலில் இராட்டினத்தில் வலிந்து ஏற்றினேன். இறங்கியவன் அன்று முழுவதும் என் கையைப் பிடிக்க மறுத்துவிட்டான். துணிவூட்டப் போய் நான் இழந்தது அவனது நம்பிக்கையை.

பிள்ளை முதலில் கீழே நின்று பார்க்கட்டும். "வேண்டாம்" என்றால் அதுவே முடிந்த முடிவு. அடுத்த ஆண்டும் இராட்டினம் சுற்றத்தான் போகிறது.