படம் அடைக்கும் வித்தையும் புடவை விற்கும் நேர்மையும்

நமது சங்கத்தின் இளைய அங்கத்தினர் சிலர், விற்பனைக்குரிய புடவைகளையும் வாழைத்தார்களையும் கைப்பேசியில் தாமே படம் பிடித்து, தாமே திருத்தி, விளம்பரத் தாள்களாக அமைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இதுபற்றிச் சில மாதங்களாக நமக்கு இருவகைக் கடிதங்கள் வருகின்றன. இவ்வித்தையைச் சங்கத்தார் எல்லோர்க்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பார் ஒருசாரார். இது பொய்க்கு வழிகோலும், இன்றே நிறுத்துக என்பார் மற்றொருசாரார். இரு சாராரும் தத்தம் அளவில் உண்மையையே சொல்லுகிறார்கள் என்று நாம் கருதுவதால், இரண்டையும் சற்று விரித்துப் பார்க்க விரும்புகிறோம்.

கிளிப்பிங் மாஸ்க் என்று கணினிக்காரர்கள் வழங்கும் இம்முறையை நெல் விளைவிக்கும் அன்பர்களுக்கு விளக்குவது எளிது. வயலைச் சுற்றி வரப்பு இருக்கிறது. மடையைத் திறந்து நீர் விட்டால், வயல் எந்த உருவமோ அந்த உருவத்திலேயே நீர் நிற்கிறது. அதுபோல, கீழ் அடுக்கில் ஓர் உருவத்தை வைக்கிறார்கள். அது எழுத்தாகவோ இலையாகவோ கோபுரமாகவோ இருக்கலாம். அதன் மேலடுக்கில் ஒரு புகைப்படத்தை வைத்து இரண்டையும் பிணைக்கிறார்கள். கீழுருவம் எவ்வளவு பரப்போ அவ்வளவில் மட்டும் மேற்படம் தெரிகிறது, எஞ்சியது மறைகிறது. மறைகிறதேயன்றி அழிவதில்லை என்பதுதான் இதன் சிறப்பு. கத்தரி கொண்டு வெட்டிய தாள் வெட்டியதுதான். இங்கேயோ படத்தை உருவத்துக்குள் இடமும் வலமும் நகர்த்தலாம், பெரிதாக்கலாம், எடுத்துவிட்டு வேறொன்றை நிரப்பலாம். போட்டோஷாப் என்னும் மென்பொருள் 1990ஆம் ஆண்டில் வெளிவந்தது. அடுக்கடுக்காகப் படங்களை வைக்கும் வசதி அதில் 1994ஆம் ஆண்டில் சேர்ந்தது. கண்ட்ரோல், ஆல்ட், ஜி ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் பிணைப்பு விழுந்துவிடும். கைப்பேசியில் பலரும் கையாளும் கான்வாவில் ஏறத்தாழ இதே வசதி ‘ஃபிரேம்’ என்ற பெயரில் இருக்கிறது.

இது நேற்று முளைத்த வித்தை என்று எண்ணுவோர்க்கு நம் ஊரின் பழைய கதைகளை நினைவூட்டலாம். 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியில், அப்பிரகத் தகடுகளின் மேல் பலதொழில் மக்களின் உருவங்களை எழுதி வெள்ளைக்காரர்களுக்கு விற்ற ஓவியர்கள் இருந்தார்கள். அவ்வகைச் சித்திரக் கட்டுகள் சிலவற்றில், ஓர் அட்டையில் முகம் மட்டும் எழுதியிருக்கும். தகடுகளிலோ முகமில்லாத உடையும் உடலும் எழுதியிருக்கும். தகட்டை அட்டையின்மேல் வைத்தால் அதே முகம் ஒரு கணத்தில் சிப்பாயாகும். மறுகணத்தில் தகட்டை மாற்றினால் வேறொருவனாகும். இன்றைய பிள்ளைகள் கணினித் திரையில் செய்வதன் பாட்டனார் இது என்று சொன்னால் தவறாகாது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அங்கே மேலுள்ள தகட்டின் இடைவெளி கீழுள்ளதைக் காட்டியது. இங்கே கீழுள்ள உருவம் மேலுள்ளதற்கு எல்லை வகுக்கிறது.

1858ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்ற படைத்துறை அதிகாரி, சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நம் மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் படம் பிடித்தார். அக்காலத்துக் காகித நெகட்டிவில் கட்டிடத்துக்கு ஏற்ற அளவு ஒளி விட்டால் வானம் வெறும் வெண்பரப்பாய்ப் போய்விடும். ஆகவே டிரைப் தம் நெகட்டிவ்கள் சிலவற்றில் மேகங்களைத் தம் கையாலேயே தீட்டினார். அதற்கு முந்திய ஆண்டில் இங்கிலாந்தில் ரெய்லாண்டர் என்பவர், முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக மறைத்தும் திறந்தும் ஒரே தாளில் பதித்து ஒரு பெரும் படத்தை உண்டாக்கியிருந்தார். டிரைப் சேர்த்த மேகத்தால் எந்தக் கோபுரமும் ஒரு நிலை கூடவுமில்லை, குறையவுமில்லை. இந்த ஒரு செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.

இனி, இவ்வித்தையை அழகுறக் கையாளும் வழிகளைச் சொல்லுவோம். ‘உறையூர்’ என்னும் பெயரையே கீழுருவமாக வைக்கலாம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வணிகக் குறிப்பு ஒன்று ‘அர்கரு’ என்னும் ஊரின் மெல்லிய துணிகளைக் கூறுகிறது. அவ்வூர் நம் உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது சாயத்தொட்டி ஒன்றும் வெளிப்பட்டது. இத்தகைய பெயரைப் பருத்த எழுத்தில் அமைத்து, அதனுள் நம் பருத்தி நெசவின் அண்மைப் படத்தை நிரப்பினால், சொல்லும் பொருளும் ஒன்றாகும். மெல்லிய எழுத்து இதற்கு உதவாது. கோட்டுக்குள் இழையே தெரியாமற் போகும். றகர ஐகாரத்தின் சுழிகள் எவ்வளவு பருத்த எழுத்திலும் அடைபட்டே நிற்கும். அங்கே பூவேலையை வைக்காமல் வெற்று உடலை வைக்க வேண்டும். கரை, உகரத்தின் அடிக்கோட்டோடு ஒத்து ஓடட்டும். கடைசி எழுத்தின் மெய்ப்புள்ளிக்குள் ஒரே ஒரு புட்டாவை அடைத்துக் காட்டிய இளைஞர் ஒருவரின் கைவேலையை அண்மையில் கண்டு நாம் மகிழ்ந்தோம்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீரங்கத் தீவின் உருவமே ஒரு நல்ல கீழுருவம். அதனுள் தோப்பின் பசுமையை நிரப்பி, இருபுறமும் வெள்ளையாய் விட்டுவிட்டால், இரண்டு ஆறுகளையும் வரையாமலே வரைந்ததாகும். தலைவாழை இலையின் உருவில் தார்களின் படத்தை அடைப்பதும் நன்று. ஆனால் இலை நீளவாக்கானது, நின்றவாக்கில் எடுத்த படம் அதற்குள் பொருந்தாது. 1987ஆம் ஆண்டில் நிறைவு பெற்ற பதின்மூன்று நிலை இராஜகோபுரத்தைக் கீழுருவமாக்கும்போது முந்தானை அடியில் வரவேண்டும், ஏனெனில் கோபுரம் மேலே குறுகுகிறது. கோபுரத்துக்குள் சரக்கை அடைப்பது தகுமா என்று மூத்த அங்கத்தினர் ஒருவர் கடிந்து எழுதியிருக்கிறார். மிட்டாய்ப் பெட்டியிலும் பஞ்சாங்கத்திலும் அது ஏறி நெடுநாளாயிற்று. கோபுரத்தைப் பொறுத்தவரை நமக்கு மறுப்பில்லை. பெருமாளின் திருவுருவத்துக்குள் துணி மாதிரியை நிரப்புவதை மட்டும் நாம் ஒருபோதும் ஒப்பமாட்டோம்.

இதுவரை கூறியவற்றில் எவரும் ஏமாறுவதற்கு இடமில்லை. எழுத்துக்குள் தெரியும் துணியைப் பார்த்து, எழுத்தைப் போலவே புடவை இருக்கும் என்று யாரும் எண்ணுவதில்லை. தொல்லை தொடங்குவது, கீழுருவமாக ஒரு புடவையையே வைக்கும்போதுதான். எவரோ ஒரு பெண் வேறொரு புடவை உடுத்தி நிற்கும் படத்தை எடுத்து, அப்புடவையின் பரப்பைக் கீழுருவமாக்கி, நம் துணியின் படத்தை அதற்குள் பாய்ச்சிவிடுகிறார்கள். பழைய புடவையின் மடிப்பு நிழல்களை அதன்மேல் மெல்லெனப் படியவிட்டால், அப்பெண் நம் புடவையையே உடுத்தி நிற்பதுபோல் தோன்றும். ஆள் கூலி மிச்சம், இஸ்திரி மிச்சம், நெய்து முடிக்காத புடவையைக்கூட விற்பனைக்குக் காட்டிவிடலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

இதை நாம் வன்மையாக மறுக்கிறோம். வாங்குபவர் படத்தில் நிறத்தை மட்டுமா பார்க்கிறார்? கொசுவம் எப்படி விழுகிறது, முந்தானை தோளில் எப்படி நிற்கிறது என்பதைக் கொண்டே துணியின் கனத்தையும் இழையின் நயத்தையும் கஞ்சியின் அளவையும் மதிப்பிடுகிறார். அந்த மடிப்பு வேறொரு பட்டினுடையதாகவோ ஆலைத் துணியினுடையதாகவோ இருந்தால், காட்டியது ஒன்று, கொடுத்தது வேறொன்று. புட்டாவின் அளவும் அப்படியே. உருவத்துக்குள் படத்தை விரித்தால் கடுகு மிளகாகும், மிளகு எலுமிச்சையாகும். சென்ற தீபாவளியின்போது இவ்வாறு அமைத்த படமொன்றை நம் பக்கத்தாரே அனுப்பி, நான்கு புடவைகள் திரும்பி வந்தன. திருப்பி அனுப்பிய அம்மையார் ஒருவர், புடவையில் குறையொன்றுமில்லை, படத்திலிருந்த புடவை இதுவன்று, என்று மட்டும் எழுதியிருந்தார். பத்து நாள் தறியில் உட்கார்ந்தவரின் உழைப்பு, பத்து நிமிடப் படவேலையால் பழிக்கு ஆளாயிற்று. நெய்தவரிடம் அச்செய்தியைச் சொல்ல நமக்கு நா எழவில்லை.

விளைவிப்போரும் இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நன்றாய் விளைந்த ஒரு சீப்பைப் படம் பிடித்து, ஒரு தாரின் உருவத்துக்குள் பலமுறை அடைத்து நிரப்புவது அரை நாழிகை வேலை. மண்டிக்குத் தார் வந்து இறங்கியதும் அது வெளிப்பட்டுவிடும். பூவனும் ரஸ்தாளியும் நேந்திரனும் எடையிலும் நிறத்திலும் தம்மைத் தாமே காட்டிக்கொள்ளும் கனிகள். நம் மாவட்டத்திலேயே 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருந்துவருகையில், வாங்கவரும் வியாபாரியும் இரகம் அறியாதவராய் இருப்பதில்லை.

நம்மைப் பிறர் ஏமாற்றும் பக்கமும் ஒன்றுண்டு. நம் நெசவாளர் ஒருவரின் கோர்வைக் கரையை நாம் எடுத்த படத்திலிருந்து கவர்ந்து, விசைத்தறிப் புடவையொன்றின் உருவத்துக்குள் அடைத்து, கைத்தறி என்றே யாரோ விற்பனைக்கு வைத்திருந்ததை அங்கத்தினர் ஒருவர் கண்டு நமக்குக் காட்டினார். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ்க் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட 11 வகைகளில் புடவையும் இருக்கிறது. 2006 முதல் கைத்தறி முத்திரை வழங்கப்பட்டு வருகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்குத் தண்டனை விதிக்கிறது. இவற்றைக் கொண்டு நாம் முறையிட வேண்டுமானால், நம் படங்கள் முதலில் பழுதற்றவையாக இருக்க வேண்டும். மடிப்பை இரவல் வாங்கிய நாம், கரையை இரவல் வாங்கியவனை எந்த வாயால் கேட்பது?

ஆகவே நாம் பஞ்சாயத்தார் அவர்களுக்கு முன்வைக்கும் யோசனை இது. எழுத்து, இலை, கோபுரம், தீவு முதலான உருவங்களுக்குள் படம் அடைப்பதற்கு முழு உரிமை தரவேண்டும். அவ்வேலையை வெளியச்சகங்களுக்குக் கொடாமல், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கே கூலி பேசிக் கொடுக்க வேண்டும். புடவை உருவத்துக்குள் புடவையையும், தார் உருவத்துக்குள் சீப்பையும் அடைப்பது கூடாது. அலங்காரப் படம் எதுவாயினும், அதனோடு அடைக்காத, திருத்தாத படம் ஒன்று, நிழலான பகல் வெளிச்சத்தில் எடுத்ததாய், பக்கத்தில் ஓர் அளவுகோலோ ஒரு ரூபாய் நாணயமோ வைத்ததாய்ச் சேர்ந்தே போகவேண்டும். கணினியில் அடுக்குகள் கலையாத மூலக்கோப்பைச் சங்கத்தின் வசம் ஒப்படைக்க வேண்டும். பொங்கலுக்கு அமைத்த உருவத்தில் சித்திரைக்கு வேறு துணியை நிரப்பிக்கொள்ள அது செலவின்றி உதவும், படம் நம்முடையதுதானா என்ற வழக்கு எழுந்தால் சான்றாகவும் நிற்கும்.

அடுத்த மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனைச் சேர்க்குமாறு காரியதரிசி அவர்களுக்கு எழுதியிருக்கிறோம். உறையூர்ப் பகுதி அங்கத்தினர்களும் ஸ்ரீரங்கம் பகுதி விவசாய அங்கத்தினர்களும் தாம் அமைத்த படங்களைக் கைப்பேசியிலேயே கொண்டுவரலாம். தீபாவளிக்குத் திரும்பி வந்த நான்கு புடவைகளும், அவற்றுக்காக அனுப்பிய படமும், கூட்டத்தில் அடுத்தடுத்து வைக்கப்படும்.