ஆறு வயதுப் பல்லைக் காக்க ஒரு வேண்டுகோள்

மாண்புமிகு தமிழ்நாடு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



நம் அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வாயில், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் ஈற்றைக் கீறி வெளிவந்துகொண்டிருக்கின்றன. அவை நிரந்தரப் பற்கள். அவற்றுக்கு இடம்விட எந்தப் பால் பல்லும் ஆடுவதில்லை, விழுவதுமில்லை. முன்பல் விழுந்தால் வீடே கூடிப் பார்க்கிறது; இந்தப் பல் வந்தது பெரும்பாலான வீடுகளில் தெரியவே தெரியாது. அந்த நான்கு பற்களுக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் பல் மருத்துவம் பார்ப்பவள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் கன்னம் வீங்கி, இரவெல்லாம் தூங்காமல் அழுது, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். வாயைத் திறந்து பார்த்தால் கீழ்க் கடைவாயில் ஒரு பல் பாதி உடைந்து, உள்ளே குழியாகிக் கிடக்கும். “பால் பல்லுதானே டாக்டர், விழுந்தா முளைச்சிரும்னு விட்டுட்டோம்” என்கிறார்கள் அம்மாக்கள். அது இனி முளைக்காத பல் என்று சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்ப்பது எனக்கு இன்றும் பழகவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆறு வயதில் ஒரு நிரந்தரப் பல் பின்னால் வரும் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

அந்தக் கட்டத்தில் என்னால் செய்ய முடிவது குறைவு. இந்தப் பல்லின் வேர் முழுதாக வளர்ந்து முடிய, முளைத்தபின் சுமார் மூன்று ஆண்டுகள் ஆகும். ஏழு, எட்டு வயதில் சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டால் வழக்கமான வேர் சிகிச்சை கூட எளிதில் செய்ய இயலாது; பல மாதங்கள், பல வருகைகள். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் அத்தனை நாளை எங்கிருந்து கொண்டுவரும்? கடைசியில் “புடுங்கிருங்க டாக்டர்” என்பதில் வந்து நிற்கிறது. மெல்லுவதற்கு வாயில் இருப்பதிலேயே பெரிய பல் அது. அது போனால் பின்னால் வரும் பல் சாய்கிறது, எதிர்ப்பல் இறங்குகிறது, கடி மாறுகிறது.

இத்தனையும் தடுக்கக்கூடியது என்பதால்தான் மனம் பொறுக்கவில்லை. இந்தப் பல்லில் சொத்தை எப்போது தொடங்குகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க அனுமதியுங்கள்.

ஈற்றுக்கு மேலே முனை தெரிந்த நாளிலிருந்து எதிர்ப்பல்லோடு முழுமையாகச் சேர்ந்து கடிக்கும் நாள்வரை, இந்தப் பல்லுக்கு ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம். அத்தனை மாதமும் அது பக்கத்துப் பால் பல்லைவிடத் தாழ்ந்தே இருக்கிறது. பிள்ளை பிரஷ்ஷை முன்னும் பின்னும் இழுக்கும்போது குச்சங்கள் பால் பல்லின் மேல் ஓடி, இதைத் தொடாமலே திரும்பிவிடுகின்றன. எதிர்ப்பல் இன்னும் படாததால் மெல்லும்போதும் உராய்வு இல்லை. பல்லின் மேற்பரப்பிலோ ஆழமான வெடிப்புகளும் குழிகளும். அங்கே பாக்டீரியாப் படலம் கலையாமல் தங்கி, மிட்டாயும் பிஸ்கட்டும் தரும் சர்க்கரையை அமிலமாக்குகிறது. புதிதாக வந்த எனாமல் அப்போது முதிராத நிலையில் இருக்கிறது. எச்சிலிலிருந்து தாது ஏறி அது உறுதிப்பட இன்னும் காலம் வேண்டும். ஆகவே வாழ்நாளிலேயே அந்தப் பல் மிகவும் பலவீனமாக இருக்கும் காலமும், மிகக் குறைவாகச் சுத்தமாகும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. சில பிள்ளைகளுக்கு இந்தப் பல் முளைக்கும்போதே மஞ்சளோ பழுப்போ திட்டுகளோடு மாவுபோல் வருகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசுவதால் அந்தப் பக்கம் பிரஷ்ஷே போகாது. அவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

முதல் அடையாளம் ஓட்டையோ கறுப்போ அல்ல. பல்லை நன்றாகத் துடைத்து உலர்த்திப் பார்த்தால் மட்டும் தெரியும் சுண்ணாம்பு நிற வெண்திட்டு. அந்த நிலையில் சொத்தையை நிறுத்திவிடலாம். படலத்தைத் தொடர்ந்து அகற்றி, ஃபுளோரைடு தந்தால், எச்சிலின் கால்சியமும் பாஸ்பேட்டும் இழந்த தாதுவை மீண்டும் ஏற்றுகின்றன. ஊசி, டிரில் எதுவும் தேவைப்படாது. மேற்பரப்பு உடைந்து ஓட்டை விழுந்தபின் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது.

இது என் சொந்தக் கருத்து அல்ல. 1989இல் கார்வாலோ, எக்ஸ்ட்ராண்ட், தில்ஸ்ட்ரப் என்ற மூன்று ஆய்வாளர்கள் டென்மார்க்கில் இந்தப் பல்லின் வளர்ச்சிக் கட்டங்களையும் அதன்மேல் படியும் படலத்தையும் சேர்த்து அளந்து, பாதி முளைத்த நிலையில்தான் படலம் மிகுதி என்று காட்டினார்கள். இதே போன்ற அணுகுமுறையை, பால்டிக் கடலில் போர்ன்ஹோல்ம் தீவில் அப்போது இருந்த நெக்ஸோ என்ற சிறிய நகராட்சி 1987 முதலே தன் பிள்ளைகள் அனைவருக்கும் கைக்கொண்டிருந்தது. அங்கே எல்லோரையும் ஒரே இடைவெளியில் கூப்பிடவில்லை. பெற்றோர் எவ்வளவு ஒத்துழைக்கிறார்கள், வாயில் சொத்தை எவ்வளவு வேகமாகப் பரவுகிறது, கடைவாய்ப் பல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அதன் மேற்பரப்பில் இப்போது சொத்தை உண்டா என்று பார்த்து, பிள்ளைக்குப் பிள்ளை அடுத்த வருகையை முடிவு செய்தார்கள். பெற்றோருக்குப் பிரஷ்ஷைக் கன்னத்தின் பக்கத்திலிருந்து குறுக்காக நுழைத்து அந்த ஒரு பல்லை மட்டும் தனியாகத் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். தேவைப்பட்டால் மருத்துவமனையிலேயே சுத்தம் செய்து ஃபுளோரைடு தடவினார்கள். வெடிப்பை மூடும் பூச்சைக் கடைசி வழியாகத்தான் பயன்படுத்தினார்கள். அப்படி வளர்ந்த பிள்ளைகள் 18 வயதை எட்டியபோது, சொத்தை தொட்ட பல் பரப்புகள் அவர்களுக்குச் சராசரியாக ஒன்றேகால் மட்டுமே. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட மற்ற நகராட்சிகளைவிட அது மிகக் குறைவு.

அது டென்மார்க் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அங்கே பயன்பட்டது பெரும்பாலும் ஒரு பிரஷ்ஷும் சரியான நேரமும்தான். மருந்தென்று பார்த்தாலும், ஃபுளோரைடு, கிளாஸ் அயனோமர் சிமெண்ட், சில்வர் டையமின் ஃபுளோரைடு மூன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் இருக்கின்றன. பாதி முளைத்த பல்லைச் சுற்றி எச்சிலும் ஈறும் இருப்பதால் பிசின் வகைப் பூச்சு சரியாக ஒட்டாது. கிளாஸ் அயனோமர் அந்த ஈரத்தைத் தாங்கும். பஞ்சால் பல்லைத் துடைத்து, கலவையை வைத்து, வாசலின் தடவிய விரலால் அழுத்தினால் வெடிப்புக்குள் இறங்கிவிடும். இதற்கு மின்சாரமும் வேண்டாம், பல் மருத்துவ நாற்காலியும் வேண்டாம். வகுப்பறை பெஞ்சில் பிள்ளையைப் படுக்கவைத்தே செய்யலாம்.

இப்போது நம்மிடம் இருப்பதைப் பார்ப்போம். பிள்ளைகளின் உடல்நலக் குறைகளைக் கண்டறியும் ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம்) திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. பல் சொத்தையும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. அந்தக் குழுக்கள் எத்தனையோ இதயக் கோளாறுகளையும் கண் குறைகளையும் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கின்றன. அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு பல் முளைத்து முடியும் காலத்தின் பெரும்பகுதி இரண்டு வருகைகளின் இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. இந்த ஆண்டு தெரியாத பல், அடுத்த ஆண்டு ஓட்டையோடு கண்ணில் படுகிறது. கண்டாலும் சிகிச்சை அங்கே இல்லை. “மேல்சிகிச்சைக்கு” என்று எழுதி ஒரு சீட்டுதான் தரப்படுகிறது. வலிக்காத பல்லுக்காக ஒருநாள் கூலியை விட்டு, பேருந்து ஏறி, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் யார் வரிசையில் நிற்பார்கள்? அந்தச் சீட்டு புத்தகப் பைக்குள்ளேயே கிழிந்துபோகிறது. பள்ளிப் பிள்ளைகளின் பல் நலத்துக்காக 2023இல் தொடங்கிய ‘புன்னகை’ திட்டத்தை மனதார வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. அது நடுநிலை வகுப்புப் பிள்ளைகளை மையமாக வைத்தது. அந்த வயதில் இரண்டாவது கடைவாய்ப் பல் வருவதால் அதுவும் தேவையே. ஆறு வயதுப் பல்லுக்கு அதற்குள் ஐந்து ஆண்டுகள் கடந்துபோயிருக்கும்.

நான் கேட்பது இது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு மூன்று முறை பல் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். வரும் குழு அங்கேயே பல்லைத் துடைத்து, ஃபுளோரைடு வார்னிஷ் தடவி, வெண்திட்டோ ஆழமான வெடிப்போ உள்ள பல்லை மூடிவிட்டுப் போகட்டும். ஆட்கள் இல்லை என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். சென்னையிலும் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் கல்லூரிகளும் ஏராளம். படிப்பு முடித்த ஒவ்வொரு மாணவரும் ஓராண்டு பயிற்சி மருத்துவராக வேலை செய்கிறார். அந்த ஓராண்டில் சில வாரங்களை அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒதுக்க ஓர் உத்தரவு போதும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பெற்றோர் ஃபுளோரைடு என்ற சொல்லைக் கேட்டதும் பயப்படுவார்கள். நிலத்தடி நீரிலிருந்த ஃபுளோரைடால் பற்கள் பழுப்பேறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அந்தப் பயத்தை அலட்சியம் செய்யாமல் பதில் சொல்ல வேண்டும். பல் எலும்புக்குள் உருவாகும் காலத்தில் நாள்தோறும் குடித்து உள்ளே போகும் ஃபுளோரைடுதான் அந்தக் கறையைத் தருகிறது. ஆறு வயதுப் பல்லின் மேற்பகுதி மூன்று வயதுக்குள்ளேயே ஏறத்தாழ உருவாகி முடிந்துவிடுகிறது. வார்னிஷ் என்பது ஆண்டில் சில முறை மட்டும் பல்லின்மேல் பூசும் சில துளிகள். எச்சில் பட்டதும் அது அங்கேயே இறுகிவிடும். கறை படிந்த பல்லிலும் சொத்தை வருகிறது என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் நடக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் வாய் கொப்பளிக்க வைப்பதற்கும், வாரம் ஒரு நாள் குறுக்காகத் தேய்க்கும் முறையை ஆசிரியர் காட்டித் தருவதற்கும் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை. ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு வரும் அம்மாவிடம் பிள்ளையின் வாயைத் திறந்து, “இது விழாத பல்லும்மா, பத்து வயசு வரைக்கும் ராத்திரி நீங்களே தேய்ச்சு விடுங்க” என்று ஒரு முறை சொன்னாலே போதும், பாதி வேலை முடிந்தது. கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் இதைச் சொல்லலாம். அவர்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுங்கள்.

எல்லா மாவட்டங்களிலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளிலிருந்து தொடங்குங்கள். அவர்கள் மூன்றாம் வகுப்புக்குப் போகும்போது அந்த நான்கு பற்களையும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை திருப்தி தந்தால் மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோங்கள். பள்ளி திறக்கும் முன் இதற்கான உத்தரவைப் பிறப்பிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்