முதல் வாரக் கணக்கு

நிண்டெண்டோவின் ‘சுவிட்ச் 2’ 2025 ஜூனில் வெளிவந்து நான்கே நாளில் 35 இலட்சத்துக்கு மேல் விற்றதாகச் செய்தி வந்தபோது, கிரிவலப் பாதையில் உடன் நடந்த என் மாணவன், “இது ஜெயித்துவிட்டது ஐயா” என்றான். எனக்கு விளையாட்டுக் கருவிகளில் பழக்கமில்லை. ஆனால் அந்த அவசரம், புத்தகச் சந்தை முடியுமுன்பே நாவல்களுக்கு நாம் வழங்கும் தீர்ப்பை நினைவூட்டியது.

அதே நிறுவனத்தின் பழைய கணக்கு ஒன்று உண்டு. 2006 நவம்பரில் வந்த ‘வீ’ அவ்வாண்டு இறுதிக்குள் சுமார் 32 இலட்சம் விற்றது; 2012 நவம்பரில் வந்த ‘வீ யூ’ அதே கால அளவில் சுமார் 31 இலட்சம். முடிவில் முன்னது பத்துக் கோடியைக் கடந்தது. பின்னது 1.36 கோடியோடு நின்றுபோனது. முதலில் வாங்குபவர் கருவியை அறிந்து வாங்குவதில்லை, நிறுவனத்தின் பெயரை நம்பி வாங்குகிறார்.

இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது, விலை 49,990 ரூபாயாக இருந்தும் முன்பதிவு சில நிமிடங்களில் தீர்ந்தது. அது ஆர்வத்தின் அளவா, சரக்கின் பற்றாக்குறையா? பின்னதே பெரும்பங்கு என்பேன்.

1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்’தை முதலாண்டுச் சந்தாவால் எடைபோட்டிருந்தால் புதுக்கவிதையைப் பற்றி என்ன சொல்லியிருப்போம்? அதற்காக, விற்காததெல்லாம் காலத்தை வெல்லும் என்று சிற்றிதழ்க்காரர்கள் நாம் ஆறுதல் கொள்ளவும் இயலாது. ‘வீ யூ’ விற்கவுமில்லை, வெல்லவுமில்லை.

மாணவன் பகுதிநேர வேலையில் பணம் சேர்த்துவருகிறான். “நல்ல விளையாட்டுகள் வருகின்றனவா என்று ஓராண்டு பொறுத்துப் பார், தம்பி” என்றேன். “அதுவரை நண்பர்களிடம் என்ன பேசுவது ஐயா?” என்றான்.