ஒரு கிலோமீட்டர்னா எங்கிருந்து அளப்பாங்க?

ராத்திரி பத்து மணிக்கு எடப்பாடியிலிருந்து போன். பெரியம்மா மகள். பின்னால் விசைத்தறி சத்தம். "ஏன் தம்பி, நீ பத்திரிகையிலதான இருக்கற? இந்த ஒரு கிலோமீட்டர்னு சொல்றாங்களே, அதை எங்கிருந்து அளப்பாங்க?"

முதலில் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. பாப்பாவுக்கு மூன்றரை வயது. எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும்.

விஷயம் இதுதான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் தவிர்த்த தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவிகித இடத்தை ஏழை, பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்குத் தரவேண்டும். கட்டணத்தை அரசு கொடுத்துவிடும். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழே இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால், வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

அக்கா வீடு ஊர் எல்லை தாண்டி, தறிப்பட்டறையை ஒட்டி இருக்கிறது. போனில் மேப்பைத் திறந்து நானே அளந்தேன். 1.4 கிலோமீட்டர்.

"அட, அந்த ஸ்கூல் வேனு தினமும் எங்க தெருவுக்கே வருது தம்பி!"

அந்த ஒரு வரிதான் என்னைத் தூங்க விடவில்லை. பணம் கட்டுகிற பிள்ளையை ஏற்றிக்கொள்ள வேனுக்கு எல்லையே கிடையாது. காலையில் எடப்பாடி ரோட்டில் நின்று பாருங்கள், சங்ககிரி பக்கம் எத்தனை மஞ்சள் வண்டி பறக்கிறது என்று. பணம் கட்ட முடியாத பிள்ளைக்கு மட்டும்தான் காம்பஸ் வைத்து வட்டம் போடுகிறோம்.

காமராஜர் காலத்திலும் தூரக் கணக்கு இருந்தது. ஒரு மைலுக்குள் ஒரு ஆரம்பப் பள்ளி என்றார்கள். அது பள்ளிக்கூடத்தைப் பிள்ளையிடம் கொண்டுவந்த கணக்கு.

"பக்கத்துல அரசுப் பள்ளி இருக்குமே, அங்கே சேர்க்கலாமே?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "அஞ்சு கிளாசுக்கு ரெண்டு டீச்சர்" என்றார் அக்கா. அது அந்த டீச்சர்களின் தப்பு இல்லை. சட்டத்தின் அட்டவணையே அப்படித்தான். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. ஆக, தெருவிலிருந்து பத்துப் பிள்ளைகள் வேன் ஏறினால், மூன்றாவது டீச்சரும் போய்விடலாம். அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரரும் கடன் வாங்கி வேனில் ஏற்றுகிறார். ஒரு பக்கம் நெரிசல், இன்னொரு பக்கம் காலி பெஞ்ச்.

வேறு ஊர்களில் என்ன செய்கிறார்கள்? மகாராஷ்டிராவில் 2024-ல், அரசுப் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் தனியார் பள்ளிகள் இந்த 25 சதவிகிதத்தைத் தரவேண்டாம் என்று விதியை மாற்றினார்கள். அதே ஆண்டு ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சிங்கப்பூரிலும் ஒரு கிலோமீட்டர்தான்; அதற்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. அந்த முகவரியில் குறைந்தது 30 மாதம் குடியிருக்க வேண்டும் என்று விதியே போட்டிருக்கிறார்கள். ஸ்கூலுக்காக வீடு மாறுகிற வேலை அங்கேயும் நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

நம்மூரில் வட்டத்துக்குள் இருந்தாலும் நிம்மதி இல்லை. மத்திய அரசின் நிதி வரவில்லை என்று 2025-ல் இந்தச் சேர்க்கையே அக்டோபர் வரை தள்ளிப்போனது. ஜூனிலேயே ஸ்கூல் திறந்தாயிற்று. அதுவரை வீட்டில் வைத்திருக்க மனசு வராதவர்கள் வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள்.

எனக்குத் தோன்றுவது சின்ன யோசனைதான். ஒரு பள்ளியின் வேன் எந்தத் தெரு வரை போகிறதோ, அந்தத் தெரு வரை அந்தப் பள்ளியின் 'அக்கம்பக்கம்' என்று வைத்துவிடலாம். தனியார் பள்ளியே இல்லாத கிராமத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டு யாருக்கு என்ன லாபம்? கூடவே, ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர். தலையை எண்ணிவிட்டு அனுப்பாமல், முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு எண்ணுங்கள்.

இதை டைப் செய்துகொண்டிருக்கும்போது அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு லொகேஷன். பள்ளிக்குப் பின்தெருவில் ஒற்றை அறை, வாடகை இப்போது கொடுப்பதைவிட ஆயிரத்து ஐநூறு அதிகம். தறிக்கு மாமா சைக்கிளில் போய்க்கொள்வாராம்.

"இது உள்ள வருதா தம்பி, பாத்துச் சொல்லு."

அளந்தேன். 800 மீட்டர்.