வயிற்றுக்கு ஒரு வலை

சென்ற மாதம் அயோத்தியாப்பட்டணம் போயிருந்தேன். கோதண்டராமரைத் தரிசித்துவிட்டு, பக்கத்துத் தெருவில் வசிக்கும் அத்தையைப் பார்க்கச் சென்றேன். ஓயாத உழைப்பாளியான அத்தை, அன்று புடவைத் தலைப்பை வயிற்றில் இறுகச் சுற்றிக்கொண்டு, குடத்தைத் தூக்க அண்டை வீட்டுப் பெண்ணை அழைத்துக் கொண்டிருந்தார்.

"என்ன அத்தை, உடம்புக்கு?"

"ஒன்றுமில்லையப்பா, வாயு. இருமினால் தழும்புப் பக்கம் பந்து போல எழும்புகிறது, படுத்தால் மறைந்துவிடுகிறது."

வாயுவாவது! இரண்டு வருஷத்துக்கு முன் கர்ப்பப்பைக் கட்டிக்காக அத்தைக்கு வயிற்றைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. தோல் அழகாக ஆறிவிட்டது. உள்சுவர் விட்டுக் கொடுத்துவிட்டது. அந்த இடைவெளியில் குடல் எட்டிப் பார்க்கிறது. தழும்பு வழியே வரும் குடலிறக்கம் இதுதான்.

வயிற்றின் நடுவே, இருபுறத்துத் தசைகளையும் சேர்த்துப் பிடிக்கும் கெட்டியான நார்ப்பட்டை ஒன்று உண்டு. டாக்டர் அதைக் கீறித்தான் உள்ளே போகிறார். தைத்துவிட்டுத்தான் வெளியே வருகிறார். தைத்த இடம் பழைய பலத்தை முழுதும் பெறுவதில்லை. பருத்த சரீரம், தீராத இருமல், புகை பிடிக்கும் வழக்கம், நீரிழிவு, புண்ணில் சீழ் ஆகியவை இருந்தால் அபாயம் இன்னும் அதிகம்.

இதைத் தடுக்க வழி உண்டா? உண்டு. முதலாவது, தையலின் நேர்த்தி. ஹாலந்து தேசத்து டாக்டர்கள் 560 நோயாளிகளிடம் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். 1 சென்டிமீட்டர் அகலத்தில் பெருந்தையல் போட்டவர்களில் ஒரு வருஷத்தில் 100-க்கு 21 பேருக்குக் குடலிறக்கம். 5 மில்லிமீட்டர் இடைவெளியில் சிறுதையல் போட்டவர்களில் 13 பேருக்குத்தான். கிழிசல் தைக்கும் நம் பெண்மணிகளுக்கு இது புது விஷயமல்ல.

இரண்டாவது, வலை. அபாயம் மிகுந்தவர்களுக்கு, முதல் ஆபரேஷன் முடிந்து மூடும்போதே பிளாஸ்டிக் இழையால் ஆன வலையைச் சுவருக்குத் துணையாக வைத்துவிடுவது. அதன் கண்களுக்குள் சதை வளர்ந்து பற்றிக்கொள்ளும். ஹாலந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளில் 480 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2017-இல் வந்தது. தையல் மட்டும் போட்டவர்களில் இரண்டு வருஷத்தில் 100-க்கு 30 பேருக்குக் குடலிறக்கம். நார்ச்சுவரின் மேல் வலை வைத்தவர்களில் 13. தசைக்குப் பின்னால் வைத்தவர்களில் 18.

குறையே இல்லையா? உண்டு. மேலே வலை வைத்தால் நீர் கோத்துக்கொள்வது அதிகம். குடல் அசுத்தம் பட்ட வயிற்றில் வலை வைப்பதா என்பதை டாக்டர்தான் யோசித்து முடிவு செய்ய வேண்டும். எல்லோருக்கும் வலை தேவையுமில்லை.

செலவு? மகாராஷ்டிரத்தில் தோண்டாயிச்சா என்ற சிற்றூரின் டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கி, இடுப்புப் பக்கத்துக் குடலிறக்கத்துக்கு உபயோகித்தார். அவரும் சகாக்களும் 2003-இல் அதன் பலனை வெளியிட்டார்கள். பின்னர் உகாண்டாவில் 302 பேரிடம் மலிவு வலையையும் விலை உயர்ந்த வலையையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருஷத்தில் மலிவு வலை வைத்தவர்களில் ஒருவருக்கே நோய் திரும்பியது, மற்றவர்களில் எவருக்குமில்லை. 2016-இல் வந்த முடிவு இது. கொசுவலைக்குப் பேர்போன கரூர் நமக்கு அடுத்த ஊர்தான்! ஆனால் இந்தப் பரீட்சைகள் வந்த இறக்கத்தைச் சரிசெய்யவே நடந்தன. வருமுன் தடுப்பதற்கு மலிவு வலை இன்னும் தனியே பரீட்சிக்கப்பட வேண்டும்.

ஆகவே, வீட்டில் யாருக்காவது வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன் நிச்சயமானால் டாக்டரைக் கூச்சமின்றிக் கேளுங்கள்: "சுவரை எப்படி மூடுவீர்கள்? இவருக்கு வலை அவசியமா?" பிறகு புடைப்பு தெரிந்தால் மறைக்காதீர்கள். அது உள்ளே போகாமல் நின்று, வலியும் வாந்தியும் கண்டால் அந்த க்ஷணமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடல் நெரிபட்டால் உயிருக்கே ஆபத்து.

அத்தையைச் சேலத்துக்கு அழைத்துப் போனேன். இரண்டாவது ஆபரேஷன் வேண்டுமாம், வலையும் வைப்பார்களாம்.

"அன்றைக்கே வைத்திருக்கலாமா அப்பா?" என்று கேட்டார் அத்தை.

அன்று அதைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.