வைகைக் கரையும் பெரியாற்றங்கரையும்

கீழடியைப் பற்றிப் பேசுவோர் உடனே அதனைச் சிந்துவெளியோடு ஒப்பிடுகின்றனர். அவ்வொப்பீட்டில் தவறில்லை. எனினும் சிந்துவெளி நகரங்கள் தளர்ந்த காலத்திற்கும் கீழடியின் காலத்திற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது. காலத்தாலும் இடத்தாலும் நெருங்கிய மற்றோர் ஊர், மட்டாஞ்சேரிக்கு வடக்கே, வடக்குப் பறவூரை அடுத்துள்ள பட்டணம் ஆகும். வைகைக் கரைக் கீழடியைப் பெரியாற்றங்கரைப் பட்டணத்தோடு ஒப்பிட்டுக் கற்பதே மாணவர்க்கு மிகுந்த பயன் தரும்.

வைகை ஆண்டு முழுவதும் நீர் நிறைந்து ஓடும் ஆறன்று. கீழடி மக்கள் சுடுமண் உறைகளை அடுக்கிக் கிணறுகள் அமைத்தனர், செங்கற் கட்டடங்கள் எழுப்பினர், நூல் நூற்றனர். அங்குக் கிடைத்த தக்களிகள் நெசவுத் தொழிலுக்குச் சான்றாகின்றன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்ட கரித்துண்டு கி.மு. 580ஆம் ஆண்டைச் சார்ந்தது எனத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது.

பெரியாறோ மலையின் மிளகைக் கடல்வரை சுமந்து சென்ற ஆறு. பட்டணத்தில் 2007 முதல் நடைபெற்ற அகழாய்வில் படகுத்துறையும், ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள ஆஞ்சிலி மரத்தோணியும், மதுவும் எண்ணெயும் ஏற்றிவந்த உரோமானியச் சாடிகளின் ஓடுகளும் வெளிப்பட்டன. சங்கப் புலவர் பாடிய முசிறி இதுவே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 1341ஆம் ஆண்டு வெள்ளத்தில் அப்பகுதித் துறைமுகம் தூர்ந்தது என்றும், கொச்சித் துறைமுகம் உருவாயிற்று என்றும் கூறுவர். மட்டாஞ்சேரியின் மிளகுக் கிடங்குகள் அவ்வணிகத்தின் பிற்கால வாரிசுகளே.

ஆகவே ஒன்று தொழில் நகரம், மற்றொன்று வணிகத்துறை. இவற்றுள் எது மூத்தது என்று வாதிடுவது வீண். இன்றைய மாநிலப் பெருமைக்காகப் பழைய ஓடுகளைச் சாட்சிக்கு அழைப்பது வரலாறு ஆகாது. பட்டணத்துப் பானை ஓடொன்றில் ‘அமண’ என்றும், கீழடி ஓடுகளில் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்றும் காணப்படுபவை ஒரே தமிழி எழுத்துகள். மேலை நாட்டு மட்கலங்களின் ஓடுகள் கீழடியிலும் கிடைத்துள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலை இரு நிலங்களையும் பிரித்தது உண்மை. ஆனால் வணிகரும் எழுத்தும் அம்மலையைக் கடந்தனர். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையால் பெரியாற்று நீரின் ஒரு பகுதியும் மலையைக் குடைந்து வைகைப் படுகையை அடைகிறது. அந்நீரைப் பற்றி வழக்காடும் இரு மாநிலங்களின் பாடநூல்களும் இவ்விரு ஊர்களையும் ஒரே வரைபடத்தில் காட்டுதல் வேண்டும்.

கீழடியில் 2023 முதல் அருங்காட்சியகம் இயங்குகிறது. கொச்சியில் தமிழ் பயிலும் மாணவர்க்கு அது தொலைவு. பட்டணமோ அரைநாளில் சென்று திரும்பத்தக்கது. அங்கு அவர்கள் முதலில் காண்பவை வீடுகளும் தென்னந்தோட்டங்களுமே. பழைய ஊரின் பெரும்பகுதி இன்னும் அகழப்படாமல் அவற்றின் அடியில் கிடக்கிறது.