டி என்றால் டிஸ்டிங்ஷன்!

சென்னைப் பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு பாடத்தில் 75 முதல் 79 வரை எடுத்தால் கிரேடு 'டி'. அதாவது டிஸ்டிங்ஷன்! 80 முதல் 89 வரை எடுத்தால் 'டி பிளஸ்'. 60களில் எடுத்தவருக்கோ 'ஏ'. பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியிலும் வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலும் படிப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஆனால் அமெரிக்காவில் 'டி' என்றால் ஃபெயிலுக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். அங்கே விண்ணப்பத்தைப் பிரிப்பவர், நன்றாகப் படித்த மாணவியை விட சுமாராகப் படித்தவர்தான் கெட்டிக்காரர் என்று நினைத்துவிட்டால்?

இந்தப் பயத்தில்தான் பலரும் கிரேடை விட்டுவிட்டு ஜி.பி.ஏ. கணக்குப் போட உட்காருகிறார்கள். அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

ஒரே மார்க், நான்கு விலை

திருவொற்றியூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போகும் ஒரு பி.காம் மாணவி கார்ப்பரேட் அக்கவுண்டிங்கில் 78 வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மதிப்பெண் பட்டியலில் அது 'டி'. நூறால் வகுத்து நான்கால் பெருக்கினால் 3.12. 90க்கு மேல் ஏ, 80க்கு மேல் பி என்று போகும் வழக்கமான அமெரிக்க அளவுகோலில் அதே 78 'சி பிளஸ்'. நியூயார்க்கிலிருந்து இயங்கும் வேர்ல்டு எஜுகேஷன் சர்வீசஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனங்களோ, இந்தியாவில் 60க்கு மேல் முதல் வகுப்பு என்பதைக் கணக்கில் கொண்டு அதைப் பொதுவாக 'ஏ' என்று எடுத்துக்கொள்கின்றன.

நான்கில் எது உண்மை?

நேரடியாக வகுத்துப் பெருக்கும் சூத்திரம்தான் இருப்பதிலேயே மோசம். 60 சதவீதம் எடுத்து முதல் வகுப்பில் தேறியவருக்கு அது தருவது வெறும் 2.4. அமெரிக்காவில் பல முதுகலைப் படிப்புகள் குறைந்தபட்சம் 3.0 கேட்கின்றன. இந்தக் கணக்குப்படி 75 எடுத்தால்தான் அந்த வாசலுக்கே போக முடியும். பலர் இதைப் பார்த்துவிட்டு விண்ணப்பமே போடாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். அமெரிக்காக்காரன் நிராகரிப்பதற்கு முன்னால் கால்குலேட்டரே நிராகரித்துவிடுகிறது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. காசிமேட்டில் விற்கும் ஒரு டீயின் விலையை டாலரில் மாற்றினால் சில சென்ட்கள்தான் வரும். அதனால் அது மட்டமான டீ என்று ஆகிவிடுமா? அந்தக் காசுக்கு அந்த ஊரில் என்ன கிடைக்கிறது என்றுதானே பார்க்க வேண்டும்? மார்க்கும் அப்படித்தான்.

பள்ளி மார்க்கின் கதை

பிளஸ் டூ முடித்து நேராக அமெரிக்காவில் இளங்கலை சேர நினைப்பவர்களின் பாடு இன்னும் கஷ்டம். 2018 வரை பிளஸ் டூவுக்கு மொத்தம் 1200 மதிப்பெண். 2019 முதல் 600. ஒரே வீட்டில் அண்ணனின் 1050ம் தங்கையின் 525ம் ஒரே சதவீதம்தான். வெளியூர்க்காரருக்கு அதைச் சொன்னால்தானே தெரியும்? கொரோனா காலத்தில், 2021ல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் சான்றிதழில் மார்க்கே கிடையாது, 'தேர்ச்சி' என்று மட்டும்தான் இருந்தது. எந்தச் சூத்திரம் அதை ஜி.பி.ஏ. ஆக்கும்?

மாநில ரேங்க் அறிவிப்பதும் 2017லேயே நின்றுவிட்டது. மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளை விளம்பரப் பலகையில் ஏற்றும் கூத்து குறைந்ததில் நல்லதுதான். ஆனால் இந்த 525 எவ்வளவு பெரிய 525 என்பதை இனி பள்ளிதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

என்னதான் செய்வது?

பதில் எளிமையானது: மாற்றவே கூடாது. ஸ்டான்ஃபோர்டு முதுகலை விண்ணப்பத்தில், வெளிநாட்டு மதிப்பெண்ணை 4.0 அளவுக்கு மாற்றாமல் உள்ளபடியே தரச் சொல்கிறார்கள். இளங்கலைக்கான காமன் அப்ளிகேஷனிலும் பள்ளி ஜி.பி.ஏ. தராவிட்டால் மாணவர் தானாக ஒன்றை உருவாக்கத் தேவையில்லை. ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் மதிப்பீட்டு அறிக்கை கேட்டால் மட்டும் பணம் கட்டி வாங்கினால் போதும்.

அசல் பட்டியலோடு சேர்ந்து போக வேண்டியது ஒரு பக்க விளக்கம். பாஸ் மார்க் எவ்வளவு, இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75, எந்த கிரேடுக்கு எந்த மார்க், வகுப்பில் எத்தனை பேர், அதில் இவர் எங்கே... இதை லெட்டர்ஹெட்டில் அடித்துக் கையெழுத்துப் போட கல்லூரி முதல்வருக்கோ பள்ளித் தலைமையாசிரியருக்கோ அரை மணி நேரம் போதும். ஒருமுறை தயார் செய்தால் ஆண்டாண்டுக்கும் உதவும்.

"60க்கும் 95க்கும் ஒரே 'ஏ' என்றால் அது நியாயமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயம் இல்லைதான். அதனால்தான் ஒற்றை எண்ணை நம்பக்கூடாது. உள்ள மார்க்கையும் வகுப்பில் உள்ள இடத்தையும் காட்டினால் 95 எடுத்தவருக்கும் நஷ்டம் இல்லை.

வசதியான பள்ளிகளில் இதைச் செய்து தருவதற்கென்றே கவுன்சிலர் இருப்பார். எண்ணூரில் அனல்மின் நிலையப் புகைக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியில் யார் இருக்கிறார்கள்? ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. ஆகியவை வெளிநாட்டு மாணவரின் இளங்கலை விண்ணப்பத்தைக் கூடக் குடும்ப வருமானம் பார்க்காமல் பரிசீலித்து, இடம் கிடைத்தால் தேவைக்கேற்ற உதவித்தொகையும் தருகின்றன. இடம் கிடைப்பது மிகமிகக் கடினம்தான். ஆனால் துறைமுகத்தில் லோடு ஏற்றுபவரின் மகளுக்கு அந்தக் கதவு மூடப்படுவதாக இருந்தால், அது அங்கே மூடப்படட்டும். இங்கே ஒரு தப்புக் கணக்கால் மூடப்பட வேண்டாம்!